போனில் லைசென்ஸ் செல்லுமா?

கல்லூரி மாணவர், திருச்சி
? வாகனச் சோதனையில் போனில் இருக்கும் லைசென்ஸைக் காட்டினால் போதுமா?

தாராளமாகப் போதும். டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகனிலும் உள்ள லைசென்ஸையும் ஆர்.சி.யையும் அசலுக்குச் சமமாக ஏற்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018 ஆகஸ்டிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139ஆம் விதியையும் திருத்திவிட்டார்கள். கேட்கும்போது அட்டையையும் காட்டலாம், மின்னணு வடிவிலும் காட்டலாம்.

இல்லத்தரசி, மதுரை
? லைசென்ஸைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறேனே?

அது வெறும் போட்டோ, செல்லாது. டிஜிலாக்கருக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. நீங்களாக ஸ்கேன் செய்து ஏற்றியது ஒரு பகுதியில் இருக்கும். அரசின் தரவுத்தளத்திலிருந்து நேராக வந்தது ‘இஷ்யூடு’ பகுதியில் இருக்கும். அசலுக்குச் சமம் இந்த இரண்டாவதுதான். இன்றைக்கே திறந்து பார்த்துவிடுங்கள்.

டெலிவரி ஊழியர், சென்னை
? “ஒரிஜினல் கார்டைக் காட்டு” என்று போலீஸ்காரர் பிடிவாதம் பிடித்தால்?

குரலை உயர்த்தாமல் 139ஆம் விதியைச் சொல்லுங்கள். 2020 அக்டோபர் 1 முதல் அது இன்னும் வலுவாகிவிட்டது. மின்னணு முறையில் சரிபார்த்த ஆவணத்தைக் காகிதமாகக் கேட்கக் கூடாது. ஆவணத்தைப் பறிமுதல் செய்யவேண்டிய குற்றமாக இருந்தாலும் கேட்கக் கூடாது. 2017இல் தமிழக அரசு ஒரிஜினலைக் கட்டாயமாக்கி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. விதி மாறிய பிறகும் அந்தப் பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது நியாயமே இல்லை. நாள் முழுக்க வண்டியிலேயே பிழைக்கும் உங்களைப் போன்றவர்களை அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் அன்றைய கூலியிலல்லவா அடி விழுகிறது!

அதே வாசகர்
? போனையே கேட்டால் கொடுக்கலாமா?

திரையைக் காட்டுங்கள், போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். கியூஆர் கோடை அவர் தன் கருவியில் ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

ஆசிரியர், நாமக்கல்
? கொல்லிமலை ஏறும்போது சிக்னலும் இல்லை, சார்ஜும் இல்லை என்றால்?

சீருடையில் உள்ள காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்டவேண்டியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவின்படி உங்கள் கடமை. சார்ஜ் தீர்ந்தது என்பதெல்லாம் காரணமாகாது. மலைக்குப் போகும் நாளில் அட்டையும் பர்ஸில் இருக்கட்டும்.

வங்கி ஊழியர், சேலம்
? அப்பாவிடம் இருப்பது பழைய புத்தக லைசென்ஸ். டிஜிலாக்கரில் வரவே இல்லை.

அரசின் லைசென்ஸ் தரவுத்தளமான ‘சாரதி’யில் ஏறாமல் இருக்கலாம். இல்லையென்றால் ஆதாரில் உள்ள பெயரோ பிறந்த தேதியோ ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுச் சரிசெய்யுங்கள். அதுவரை புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இளைஞர், கோவை
? தூரத்தில் போலீஸைப் பார்த்ததுமே, ஓட்டிக்கொண்டே லைசென்ஸைத் திறந்துவைக்கலாமா?

கூடவே கூடாது! ஓரமாக நிறுத்திவிட்டுத் திறங்கள். ஓட்டும்போது போனைக் கையில் எடுப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலுக்குள் வருகிறது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சிறைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.