ஏத்துக்க மாட்டேங்கு

என் மாமனார் எதையும் மறந்ததாகச் சரித்திரம் கிடையாது. பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "மாப்பிள்ளை, லேப்டாப்பு பாஸ்வேர்டை ஏத்துக்க மாட்டேங்கு." அதாவது பாஸ்வேர்டு சரியானது, லேப்டாப்புக்குத்தான் வீம்பு. கூட்டுறவு வங்கியில் பெட்டகச் சாவியைப் பொறுப்பாக வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய் "மறந்துட்டீங்களா மாமா?" என்று கேட்க எந்த மருமகனுக்குத் தைரியம் வரும்? வந்து பார்க்கிறேன் என்றேன்.

போனதும் கேப்ஸ் லாக்கைப் பார்த்தேன். பிறகு திரையின் ஓரத்தில் எந்த மொழி விசைப்பலகை இருக்கிறது என்று பார்த்தேன். தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் வீட்டில் இது முக்கியம். தமிழ் விசைப்பலகையில் இங்கிலீஷ் பாஸ்வேர்டை அடித்தாலும் திரையில் வெறும் புள்ளிகள்தான் விழும். புள்ளிகளுக்கு ஏது மொழி? ஆனால் இங்கே இரண்டுமே சரியாக இருந்தன.

எனக்கு முன்பே சர்வீஸ் கடைக்காரர் ஒருவர் வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "ஃபார்மட் போட்டுருவோம் சார்." மாமா அவரைக் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறார். அந்த லேப்டாப்பில்தான் ஊர் அம்மன் கோயில் கொடையின் தலைக்கட்டு வரிக் கணக்கு இருக்கிறது. அது அழிந்தால் பாக்கி வைத்தவர்கள் எல்லாரும் ஒரே இரவில் வரி கட்டியவர்களாகிவிடுவார்கள்.

நல்லவேளையாக, மாமா மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. "நம்ம வீட்டுச் சாவிய அமெரிக்காக்காரன்ட்ட எதுக்குக் குடுக்கணும்?" என்று அந்தக் கம்ப்யூட்டரோடு நிற்கிற லோக்கல் கணக்கே போதும் என்றுவிட்டார். இப்படிப்பட்ட கணக்குக்கு விண்டோஸில் ஒரு வசதி உண்டு. பாஸ்வேர்டு ரீசெட் டிஸ்க் என்று ஒரு பென் டிரைவைத் தயார் செய்து வைத்துக்கொண்டால், பிறகு பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அதைச் செருகி உள்ளே போய்விடலாம். அதில் இருப்பது 'யூசர்கீ' என்ற ஒரே ஒரு பொடி ஃபைல்தான். என் மச்சினன் எப்போதோ இதைச் செய்து கொடுத்திருந்தான். அத்தை பீரோவைத் திறந்து, நகைப் பெட்டிக்கு அடியிலிருந்து அந்தப் பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார்கள்.

செருகினேன். முதல் தடவை நுழையவில்லை. திருப்பினேன், நுழையவில்லை. மறுபடி திருப்பினேன், நுழைந்தது. 1996-இல் யூஎஸ்பியைக் கொண்டுவந்த குழுவில் முக்கியமானவர் நம் வடோதராக்காரர் அஜய் பட். இரண்டு பக்கமும் நுழைகிற மாதிரி செய்திருந்தால் செலவு கூடியிருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த மிச்சத்துக்கு உலகமே இன்றும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

பென் டிரைவுக்குள் இருந்தவை இளையராஜா பாட்டுகள். வேறு எதுவும் இல்லை. நடுவில் குற்றாலத்துக்குக் கார் பிடித்துப் போனபோது, வழியில் கேட்க வேண்டுமென்று பாட்டு ஏற்றித் தரும் கடையில் கொடுத்திருக்கிறார்கள். கார் ஸ்டீரியோக்கள் பல எஃப்ஏடி32 வடிவத்தை மட்டும்தான் படிக்கும். கடைப் பையன் கடமை தவறாமல் பென் டிரைவை முழுக்கத் துடைத்துவிட்டே பாட்டை ஏற்றியிருக்கிறான்.

"அதுக்கென்ன, இன்னொண்ணு செஞ்சிருங்க மாப்பிள்ளை" என்றார் மாமா. அது முடியாது. ரீசெட் டிஸ்க் செய்ய உள்ளே நுழைந்திருக்க வேண்டும். அப்போதைய பாஸ்வேர்டும் தெரிந்திருக்க வேண்டும்.

மிச்சமிருந்தது பாதுகாப்புக் கேள்விகள். 2018-இல் லோக்கல் கணக்குகளுக்கு வந்த ஏற்பாடு இது. மூன்றுக்கும் சரியான பதில் சொல்ல வேண்டும். முதல் கேள்வி, பிறந்த ஊர். பாளையங்கோட்டையை இங்கிலீஷில் எழுத எத்தனையோ வழிகள். வெள்ளைக்காரர்கள் பாலம்கோட்டா என்றே எழுதிவைத்தார்கள். 'கே'யா, 'சி'யா, நடுவில் 'எம்'மா, 'என்'னா? இரண்டாவது கேள்வி, உறவில் ஒன்றுவிட்டவர்களில் மூத்தவர் பெயர். இதற்கு அத்தையும் உதவிக்கு வர, பெரியத்தை மகனா, சின்னத் தாத்தா வழியில் வந்தவரா என்று ஆரம்பித்து, ஒரு பழைய சொத்துத் தகராறு வரை போய்விட்டது. மூன்றாவது, சிறு வயதுப் பட்டப்பெயர். மாமா என்னை ஒருமுறை பார்த்தார், அத்தையை ஒருமுறை பார்த்தார். "மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க." திண்ணையில் உட்கார்ந்தேன். உள்ளே ஒற்றை விரலால் தட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அதையும் அது ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தப் பட்டப்பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி எம்ஐடி பேராசிரியர் ஃபெர்னாண்டோ கார்பட்டோ. 1960-களில் அவர்களுடைய கம்ப்யூட்டர் ஒருநாள் குழம்பிப்போய், நுழைந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாகப் பாஸ்வேர்டு பட்டியலையே காட்டிவிட்டது. இதை மாமாவிடம் சொன்னேன். "நல்ல மெஷினு" என்றார். அதே கார்பட்டோ முதுமையில் சுமார் 150 பாஸ்வேர்டுகளை மூன்று பக்கத்துக்குத் தட்டச்சு செய்து வைத்திருந்தார் என்பதையும் சொன்னேன். மாமா அதைப் பலவீனமாகக் கருதினார்.

கடைசியில் என் பையிலிருந்த வேறொரு பென் டிரைவுதான் கைகொடுத்தது. விண்டோஸ் பாஸ்வேர்டை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அதை அரைத்துக் கிடைத்த சாரத்தை 'சாம்' என்ற ஃபைலில் வைக்கிறது. விண்டோஸ் விழித்திருக்கும்போது அந்த ஃபைலை நெருங்க முடியாது. பென் டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பினால், விண்டோஸ் தூங்கும். 'சாம்' வெறும் ஃபைலாகிவிடும். நார்வேக்காரர் பெட்டர் நோர்டால்-ஹாகன் 1990-களில் எழுதிய சிறிய நிரல், அங்கே போய்ப் பாஸ்வேர்டையே வெறுமையாக்கிவிடும். அது என்ன பாஸ்வேர்டு என்று அந்த நிரல் கேட்பதும் இல்லை.

ஆனால் பென் டிரைவிலிருந்து எழுப்புவது ஒரு தனிக் கலை. டெல்லுக்கு எஃப்12, எச்பிக்கு எஸ்கேப் அடித்து எஃப்9, அசூஸுக்கு எஸ்கேப். லோகோ தோன்றும் அந்த ஓரிரு நொடிக்குள் அழுத்த வேண்டும். மேல் வரிசை முழுவதையும் தனி ஆவர்த்தனம் வாசிப்பதுபோல் தட்டினேன். மாமா தொடையில் தாளம் போட்டார்.

திறந்தது. கொடைக் கணக்கு பத்திரமாக இருந்தது. மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "நான் சொன்னேம்லா, பாஸ்வேர்டு சரிதான்னு."

இந்த வித்தை பழைய லேப்டாப்பில்தான் பலிக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்த இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் வட்டே பிட்லாக்கரால் பூட்டிக் கிடக்கும். அங்கே வெளியிலிருந்து நுழைய முயன்றால் 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் ஃபார்மட்தான், சர்வீஸ் கடைக்காரர் சொன்னதே சட்டம்.

ஆகவே, உங்கள் லேப்டாப் இப்போது திறந்திருக்கிறதல்லவா? மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருந்தால் அந்த 48 இலக்கத்தை இன்றே அச்செடுத்துப் பத்திரங்களோடு வையுங்கள். லோக்கல் கணக்கு என்றால் மூலையில் கிடக்கும் ஒரு சின்னப் பென் டிரைவில் ரீசெட் டிஸ்க் செய்யுங்கள்; ஒரு ஜிபியே தாராளம். மேலே மறக்காமல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: 'இதில் பாட்டு ஏற்றக் கூடாது.'