முட்டையளவு காய்க்குள்ளே ஒரு மலைமரம்

கேள்வி: முப்பதடி ஆர்.வி. வாடகைக்கு எடுத்துவிட்டோம். செக்கோயா தேசியப் பூங்காவுக்கு ஜி.பி.எஸ். 198ஆம் சாலையைக் காட்டுகிறது. போகலாமா?
– ஃப்ரீமான்ட் வாசகர்

பதில்: போகாதீர்கள். உங்கள் வண்டி எவ்வளவு நீளம் என்று ஜி.பி.எஸ்.ஸுக்குத் தெரியாது. அந்த வழியில் அடிவாரத்திலிருந்து பெரிய மரங்கள் இருக்கும் ஜெயன்ட் ஃபாரஸ்ட் வரை கொண்டை ஊசி வளைவுகள்தான். 22 அடிக்கு மேல் நீளமான வண்டி அதில் ஏற வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. ஃப்ரெஸ்னோ வந்து 180ஆம் சாலையில் ஏறுங்கள்.

கேள்வி: கேம்பில் கரண்ட், தண்ணீர் இணைப்பு இருக்குமா?

பதில்: இரண்டும் இல்லை. தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வாருங்கள். ஜெனரேட்டரைக் குறித்த நேரத்தில்தான் ஓட்டலாம். லாட்ஜ்போல் கேம்ப் கிட்டத்தட்ட 6,700 அடி உயரத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தால் ஜூலை மாதமானாலும் அவருக்கு ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள்.

கேள்வி: வத்தக்குழம்பு கொண்டுபோனால் கரடி வருமா?

பதில்: குழம்புக்கு மட்டுமில்லை, பற்பசைக்கும் சோப்புக்கும்கூட வரும். அதற்காகத்தான் கேம்பில் இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். மணக்கிற எல்லாவற்றையும் அதில் வைத்துத் தாழிடுங்கள். மனிதச் சாப்பாட்டை ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலைகூட வரலாம். பூட்ட மறந்தவர் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார், தண்டனை கரடிக்கு.

கேள்வி: ஜெனரல் ஷெர்மன்தான் உலகிலேயே உயரமான மரமா?

பதில்: உயரத்தில் இல்லை, பருமனில் முதலிடம். கலிஃபோர்னியாவின் கடலோர ரெட்வுட் 115 மீட்டரைத் தாண்டுகிறது. ஷெர்மன் சுமார் 84 மீட்டர்தான். ஆனால் அடிச்சுற்று 31 மீட்டர், அடிமரத்தின் கன அளவு ஏறக்குறைய 1,487 கன மீட்டர். இந்த அளவுக்கு வேறு எந்த ஒற்றை மரமும் கிடையாது.

கேள்வி: கட்டிப்பிடிக்க விடாமல் வேலி போட்டிருக்கிறார்களே?

பதில்: வேருக்காக. இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் ஆழம் போகாமல் பக்கவாட்டில் வெகுதூரம் பரவுகின்றன. நாள்தோறும் ஆயிரம் கால்கள் மிதித்தால் மண் இறுகிவிடும். ஜெயன்ட் ஃபாரஸ்டில் ஒரு காலத்தில் விடுதியும் கடையுமாக இருந்த 280க்கும் மேற்பட்ட கட்டடங்களை மரங்களுக்காகவே இடித்து அகற்றினார்கள். அதைவிட வேலி சின்ன விஷயம். வேலியில்லாத பாதையோரம் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மரம் நின்றால் பட்டையில் மெல்ல உள்ளங்கையை வையுங்கள். தேங்காய் நார் போல அமுங்கும்.

கேள்வி: பல மரங்கள் அடியில் கரிந்து நிற்கின்றன. பார்க்கவே மனசு தாங்கவில்லை. தீயை ஏன் அணைக்காமல் விட்டார்கள்?
– சான் ஓசே வாசகி

பதில்: அணைத்ததுதான் தவறாகப் போயிற்று, அம்மா. இந்தச் செக்கோயா மரத்தின் காய் கோழிமுட்டை அளவு. உள்ளே ஓட்ஸ் அவல் மாதிரி சன்னமான விதைகள் சுமார் இருநூறு இருக்கும். காய் இருபது வருஷம்கூட மூடியபடியே கிளையில் தொங்கும். கீழே தீ எரிந்து சூடு மேலே ஏறும்போது காய்ந்து, வாய் திறந்து, சாம்பல் படிந்த வெறும் மண்ணில் விதையைக் கொட்டும். முளைக்கு வேண்டியது அந்த மண்ணும் வெயிலும்தான். தாய்மரத்தை இரண்டடி வரை தடித்த பட்டை காக்கும். நீங்கள் பார்த்த கரி பெரும்பாலும் ஆறிய தழும்பு.

பல பத்தாண்டுகள் ஒவ்வொரு தீயையும் அணைத்தார்கள். கன்று முளைக்கவில்லை; காய்ந்த சுள்ளியும் சருகும்தான் குவிந்தன. 1960களில் தவறு புரிந்து, தாங்களே அளவாகத் தீ வைக்கத் தொடங்கினார்கள். ஆனாலும் சேர்ந்த விறகு அதிகம், வறட்சியும் கூடியது. 2020, 2021 தீக்களில் உலகின் பெரிய செக்கோயாக்களில் குறைந்தது எட்டில் ஒன்று போயிற்று. ஷெர்மனின் அடிமரத்துக்கு அலுமினியப் போர்வை சுற்றியதை அப்போது படத்தில் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன், அழுதேன்.

கேள்வி: வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
– எட்டாம் வகுப்பு மாணவன்

பதில்: வளையங்களை எண்ணி, தம்பி. 1888இல் மரம் வெட்டும் வேலைக்கு வந்த வால்டர் ஃப்ரை, சில நாள் பாடுபட்டு ஒரு மரத்தைச் சாய்த்த பிறகு அதன் வளையங்களை எண்ணினார். 3,266. அவர் அந்த வேலையை விட்டார். பூங்கா வேண்டும் என்று கேட்ட மனுவில் கையெழுத்திட்டார். 1890இல் பூங்கா வந்தது. பின்னாளில் அவரே அதன் கண்காணிப்பாளரானார்.