கொன்னவன் யாருன்னு முதல்ல சொல்லு

ஒரு படத்தைப் பற்றிப் பேச எத்தனை இங்கிலீஷ் வார்த்தை வேண்டும் என்று எழுபதுகளில் கீரமங்கலத்தில் யாரையாவது கேட்டிருந்தால், ஃபைட்டு, டூயட்டு, சஸ்பென்சு, இன்டர்வல்லு, டபுள் ஆக்டு என்று விரல் மடக்கிச் சொல்லி, கை தீர்ந்ததும் பேச்சையும் முடித்திருப்பார்கள். உங்கள் ஊரிலும் ஏறக்குறைய இதே கணக்குதான் இருந்திருக்கும். டபுள் ஆக்டில் மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பாத்தியதை உண்டு. தமிழில் முதன்முதலாக இரட்டை வேடம் போட்டது 1940-இல் வந்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு.சின்னப்பா, அவரோ புதுக்கோட்டைக்காரர். அதனால் எந்த நடிகர் இரண்டாக வந்து நின்றாலும், எங்கள் பெரியவர்கள் நம்ம ஜில்லாச் சரக்கு என்கிற தோரணையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள்.

வார்த்தைகள் வந்து சேர்ந்த வழியும் அப்படித்தான்: சுவரொட்டியில் கொஞ்சம், சலூனில் கிடக்கும் பழைய ‘பேசும் பட’த்திலும் ‘பொம்மை’யிலும் கொஞ்சம், மாட்டுவண்டியில் மைக் கட்டி நோட்டீஸ் வீசிக்கொண்டு போகிறவரின் தொண்டையிலிருந்து மீதி. எல்லாச் சுவரொட்டியிலும் ஈஸ்ட்மென் கலர் என்று இருக்கும். சிவாஜி படத்திலும் எம்.ஜி.ஆர். படத்திலும் பாகுபாடில்லாமல் வேலை செய்கிற இந்த ஈஸ்ட்மென் மாதம் என்ன சம்பாதிப்பார் என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டிருக்கிறேன். கோடாக் கம்பெனியை ஆரம்பித்த ஜார்ஜ் ஈஸ்ட்மன், முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வந்த மறு வருஷமே, 1932-இல், போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது பின்னால் தெரிந்தபோது, நெருங்கிய சொந்தத்தின் சாவுச்செய்தி தாமதமாக வந்ததுபோல் இருந்தது.

ஒளிப்பதிவைப் பற்றி நாங்கள் விமர்சனமே செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். டூரிங் கொட்டகையில் கார்பன் குச்சி எரிகிற ஆர்க் விளக்கு வெளிச்சத்தில்தான் படம் ஓடும். குச்சி தேயத் தேய இடைவெளி அகன்று, கதாநாயகியின் முகத்தில் அந்தி கவிந்துவிடும். ஆப்பரேட்டர் பீடி பற்றவைக்கப் போயிருந்தால் அந்தி முற்றி ராத்திரியே ஆகிவிடும். உடனே மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்திருக்கும் தரை டிக்கெட்டிலிருந்து, “ஏய், கார்பனை ஏத்துப்பா!” என்று ஒரு குரல் வரும். முகம் மறுபடி வெளுக்கும். விமர்சகன் சொன்ன மறுநிமிஷமே படம் திருந்தியது உலக சினிமாவில் வேறெங்கே நடந்திருக்கிறது?

ஆனால் கொட்டகையைவிட எனக்கு மறக்காதது மறுநாள் விடியற்காலைதான். எங்கள் ஊர்ப்பக்கம் பூ விவசாயம். மல்லிகையும் முல்லையும் மொட்டு விரிவதற்குள் பறித்துக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோனால்தான் காசு. முந்தின ராத்திரி படம் பார்த்தவன் எவனோ அவன்தான் அன்றைக்குக் கொல்லையில் ராஜா. இருட்டுப் பிரிகிற நேரத்தில், மடியில் மொட்டு சேரச் சேர, டைட்டில் தொடங்கி அவன் கதை சொல்ல வேண்டும்: சண்டைக்கு வாயாலேயே டிஷ்யூம், பாட்டு வந்தால் மெட்டு, அழுகைக் காட்சியில் குரலில் ஒரு கம்மல். 1967-இல் வந்த ‘அதே கண்கள்’ தாமதமாக எங்கள் கொட்டகைக்கு வந்து, நான் ஒருநாள் ராஜாவாகி, சஸ்பென்சைக் காப்பாற்ற வேண்டும் என்று வளைத்து வளைத்துச் சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்து வரிசையில் குனிந்திருந்த அப்பத்தா நிமிர்ந்து, “கொன்னவன் யாருன்னு முதல்ல சொல்லிட்டு அப்புறம் கதையச் சொல்லுடா, கை ஓடமாட்டேங்குது” என்றது. சொன்னேன். அதன்பிறகு கையும் ஓடியது, கதையும் ஓடியது. கொலையாளி தெரிந்தபின் சஸ்பென்ஸ் படம் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்பதை அன்று பார்த்தேன். (அது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. காலம் மாறிவிட்டது.)

மாறித்தான் போயிற்று. அந்த விடியற்காலைப் பணிவிடைக்கு இன்றைக்குப் பெயர் ஸ்பாய்லர், தண்டனைக்குரிய குற்றம். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று 2006-இல் அரசு அறிவித்ததும் படங்களெல்லாம் அவசரமாகத் தமிழ்ப்பெயர் சூடிக்கொண்டன. பேச்சுக்கு வரிவிலக்கு எதுவும் அறிவிக்காததாலோ என்னவோ, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பையன்களின் விமர்சனம் முழுக்க இங்கிலீஷுக்குப் போய்விட்டது: ஒன்லைன் ஓகே, ஸ்க்ரீன்ப்ளே வீக்கு, பிஜிஎம் தாறுமாறு, செகண்ட் ஹாஃப் லேக்கு. ட்ரெய்லரைப் பார்த்தே இவ்வளவும் சொல்லிவிடுகிறார்கள், படம் வருவதற்குள் அலுத்தும் போகிறார்கள். திருச்சியில் படித்த என் தங்கை மகள் ஒருநாள், “ஹீரோவோட ஆர்க் சரியில்ல மாமா” என்றாள். எங்கள் காலத்திலும் அதேதான் தகராறு, ஆர்க் மங்கினால் கார்பனை ஏத்தச் சொல்லிக் கத்துவோம் என்றேன். செல்லிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தவள், பதில் சொல்லாமல் மறுபடி செல்லுக்கே போய்விட்டாள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது. தென்னை, பலா எல்லாம் வேரோடு சாய்ந்து, கரண்டுக் கம்பம் வரப்பில் கிடந்து, ஊர் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தது. நஷ்டத்தைப் பேசிப் பேசி வாய் ஓய்ந்த ராத்திரிகளில், மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி வீட்டுப் பிள்ளைகள் சார்ஜ் போன செல்லைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோது, யாரும் கேட்காமலே நான் ‘அதே கண்க’ளை ஆரம்பித்தேன். டைட்டில், டிஷ்யூம், மெட்டு, கம்மல் எதையும் விடவில்லை. இந்தத் தடவை கொன்னவனைக் கடைசிவரை கட்டிக் காத்தேன், ஸ்பாய்லர் என்று ஒருத்தர் வாயைத் திறக்க இடமில்லாமல்.

முடித்ததும் கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. பிறகு தங்கை மகள், “நரேஷன் நல்லாத்தான் இருந்துச்சு மாமா. செகண்ட் ஹாஃப் மட்டும் லேக்கு. அஞ்சுக்கு மூணு” என்றாள். நூற்றுக்கு என்று பார்த்தால் அறுபது. ‘16 வயதினிலே’வுக்கு விகடன் போட்டதே 62.5தான்.