வாசல் கதவு விவகாரம்

டப்ளின்,
மே மாதம், ஒரு மழை நாள்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முட்டுவலி தைலத்துக்குக் கட்டுப்படுகிறதா? சின்னவன் கடைக்கு ஒழுங்காக வருகிறானா, இல்லை கல்லாவில் உட்கார்ந்து போனைத்தான் நோண்டுகிறானா?

பெயின்ட் கடை வைத்திருக்கும் உங்களைக் கேட்காமல் ஒரு பெயின்ட் காரியத்தில் இறங்கிவிட்டேன். வாசல் கதவு. ஒரே ஒரு கதவு. நம்மூரில் காலைக் காபிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடிந்துபோகும். இங்கே ஈஸ்டருக்கு முன்னால் பேச ஆரம்பித்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீடு வாங்கியதும் தெருவின் போட்டோ அனுப்பினேனே, "இதில் உன் வீடு எதுடா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அத்தனையும் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். சுவரில் கை வைக்கலாமென்றால் பாதிச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது. இரண்டு வீட்டையும் ஒட்டித்தான் கட்டியிருக்கிறார்கள். நாம் ஒரு பாதிக்கு ரோஜா நிறம் அடித்தால் மறு பாதி நோயாளி மாதிரி நிற்கும். ஆக மனிதன் தன் இஷ்டப்படி செய்துகொள்ள மிஞ்சுவது ஏழடிகூட இல்லாத ஒரு மரக்கதவு.

இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. ஊர் நடுவில் மெரியன் சதுக்கம் என்று ஓர் இடம். 1762-ல் மனை போட ஆரம்பித்தது. ஆஸ்கார் வைல்டு வளர்ந்த வீடும், கவிஞர் யேட்ஸ் இருந்த வீடும் அங்கேதான். எல்லா முகப்பும் ஒரே செங்கல், ஒரே வரிசை ஜன்னல். நிலம் விட்ட பிரபுக்கள் போட்ட கண்டிஷன் அப்படி. குடிவந்த பணக்காரர்களோ கதவில் போட்டியைக் காட்டினார்கள்: விசிறி மாதிரி அரைவட்டக் கண்ணாடி, பித்தளைத் தட்டு வளையம், சிவப்பு, நீலம், மஞ்சள். 1970 வாக்கில் நியூயார்க்கிலிருந்து வந்த பாப் ஃபியரன் என்ற விளம்பரக்காரர் இந்தக் கதவுகளைப் படமெடுத்து ஒரே போஸ்டராக்க, இன்றும் சுற்றுலாக் கடைகளில் அது விற்கிறது. கோபுரத்தைப் போஸ்டராக்குவார்கள், மலையை ஆக்குவார்கள். பூட்டின கதவை ஆக்கிக் காசு பார்த்த ஊர் இதுதான்.

கதைகளுக்கும் குறைவில்லை. 1901-ல் விக்டோரியா மகாராணி செத்தபோது துக்கத்துக்குக் கதவைக் கறுப்பாக்கச் சொன்னார்களாம். வீம்புக்கென்றே இவர்கள் கண்ணைப் பறிக்கிற நிறமாக அடித்தார்களாம். இன்னொன்று: ஈலி பிளேஸில் ஜார்ஜ் மூர் என்ற எழுத்தாளர், குடித்துவிட்டு வரும் கோகார்ட்டி என்ற எழுத்தாளர் வீடு மாறி வந்து தட்டாமலிருக்கத் தன் கதவைப் பச்சையாக்கினாராம். உடனே கோகார்ட்டி, மூர் குடித்துவிட்டு இங்கே வந்துவிடக் கூடாதே என்று தன் கதவைச் சிவப்பாக்கினாராம். எவ்வளவு நிஜமோ, டூரிஸ்ட் பஸ்ஸில் மைக் பிடிப்பவருக்கே வெளிச்சம்.

சரி, நம் வீட்டுக்கு வருகிறேன். கறுப்புதான் கௌரவம் என்று ஆபீஸில் சொன்னார்கள். உங்கள் மருமகள் ஒரே வார்த்தையில் முடித்தாள்: "வெள்ளிக்கிழமை விளக்கேத்துற வாசல்ல கறுப்பா?" கறுப்புக் கதவுக்குச் சிவப்புச் சட்டம் என்று சமரசம் பேசிப் பார்த்தேன். அப்படி அடித்தால் அப்பா இங்கே வந்தாலும் படியேற மாட்டார். அவர் கட்சி வேறு. மகளுக்குக் கத்திரிப்பூ நிறம் வேண்டும். நான் பச்சை என்றேன், நம் பூர்வீக வீட்டு ஜன்னல் கம்பிப் பச்சை. அதில் ஒரு சிக்கல். 1922-ல் சுதந்திரம் வாங்கிய கையோடு இவர்கள் செய்த காரியங்களில் ஒன்று, வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன சிவப்புத் தபால்பெட்டிகளுக்குப் பச்சை அடித்தது. பெட்டியை மாற்றவில்லை, ராணி பேரின் எழுத்து பச்சைக்கு அடியில் இன்னும் புடைத்துக்கொண்டு நிற்கிறது. பெயின்டின் அருமை தெரிந்த அரசாங்கம்! கதவிலேயே தபால் போடத் துளை வேறு இருப்பதால், நானும் பச்சை அடித்தால் தெருவே கடிதம் கொண்டுவந்து போட்டுவிடும் என்று மகள் சொல்லிவிட்டாள்.

கோயம்புத்தூர் அத்தான் வாட்ஸப்பில் வந்து கதவு எந்தத் திசை பார்க்கிறது என்றார். போன் திசைகாட்டி வடக்குக்கும் வடமேற்குக்கும் நடுவே ஒரு சந்தைக் காட்டியது. அந்தச் சந்துக்கு நிறமே கிடையாதாம், பரிகாரம்தானாம்.

கடைக்குப் போனால் அது வேறு உலகம். நம் கடையில் "அந்த பஸ் கலர் கொடுங்க" என்றால் நீங்கள் டப்பாவை எடுத்து வைப்பீர்கள். இங்கே இங்கிலாந்திலிருந்து வரும் ஃபேரோ அண்ட் பால் அட்டையில் ஒரு நிறத்துக்கு யானையின் மூச்சு என்று பெயர், இன்னொன்றுக்குச் செத்த சால்மன் மீன். மங்கள காரியம் செய்யப் போன இடத்தில் செத்த மீனைக் கேட்டு வாங்க எனக்கு நா எழவில்லை. மாதிரி பார்க்கச் சின்னச் சின்னக் குப்பிகள் விற்கிறார்கள். வாங்கி வந்து கதவில் கட்டம் கட்டமாகப் பூசினோம். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா தினம் நின்று பார்ப்பார். எந்தக் கட்டத்தைக் காட்டினாலும் "அருமை" என்பார். மாம்பழ மஞ்சளுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி" என்றார்.

"பாராட்டா, புகாரா?" என்று இவளிடம் கேட்டேன். "எதுவா இருந்தா என்ன, மஞ்சள்தான்" என்றாள். தீர்ப்பாகிவிட்டது. அதில் ஒரு சௌகரியமும் உண்டு. 2015 வரை இந்த நாட்டில் பின்கோடே கிடையாது. இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஏழு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோடு கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் பார்சல்காரர் தெருமுனையில் வேனை நிறுத்திக்கொண்டு, "கதவு என்ன கலர்?" என்றுதான் போன் போடுகிறார்.

பெயின்டர் கூலியைக் கேட்டுவிட்டு நானே பிரஷ்ஷைப் பிடித்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து நீலம் வந்தது, அதற்கு அடியில் அரக்குச் சிவப்பு, அதற்கும் அடியில் ஒரு கிரீம். முன்னே இருந்தவர்கள் வீட்டிலும் இதே பஞ்சாயத்து நடந்திருக்கிறது. சித்தப்பா, டப்ளினில் வருஷத்துக்குப் பெய்யும் மழை சென்னை மழையில் பாதிதான். ஆனால் சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். இங்கே அதையே வருஷம் முழுக்கச் சொட்டு சொட்டாகத் தவணை கட்டுகிறது. ஒருவழியாக ஒரு சனிக்கிழமை காய்ந்தது. பிரைமர் அடித்தேன். ஈரக் கதவைச் சாத்தினால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், சாத்தாவிட்டால் ஹீட்டர் காசு தெருவுக்குப் போகும். சாயங்காலம் வரை வீட்டுக்குள் நாங்கள் மூவரும் கோட்டும் குல்லாயுமாகச் சாம்பார் சாதம் சாப்பிட்டோம். தபால்காரர் வந்தார், துளையைப் பார்த்தார், விரல் படாமல் கடிதத்தைச் சொருகினார். மின்சார பில்.

மஞ்சள் இரண்டு கோட் முடிந்தது. வெளிப்பக்கம் ஜோர்.

இப்போது புதுப் பிரச்சினை. உள்பக்கம் வெள்ளைதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கதவின் கனம், அந்த ஒன்றே முக்கால் அங்குல விளிம்பு, அது யாருடையது? வெளியின் மஞ்சளா, உள்ளின் வெள்ளையா? கதவு உள்ளே திறக்கிறது, அதனால் பூட்டுப் பக்க விளிம்புக்கு உள்நிறம் என்று கடைக்காரர் சொன்னார். கதவைத் திறந்ததும் மஞ்சள் தெரிய வேண்டும் என்று இவள். மகள் திரும்பவும் கத்திரிப்பூவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், விளிம்புக்கு மட்டுமாவது என்று. உங்கள் தீர்ப்பை ஒரு வாய்ஸ் மெசேஜில் போட்டுவிடுங்கள். வியாழக்கிழமை மழை இல்லை என்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு.: எனாமலின் மேல் சந்தனம் குங்குமம் வைத்தால் கறை பிடிக்குமா? அத்தானிடம் கேட்காதீர்கள்.