அலாய்ப் புணரியல்: சிறு கார்ச் சக்கரம் குறித்து ஓர் ஆராய்ச்சி

புதுக் கார் வாங்கிய வீட்டில் டாஷ்போர்டுப் பிள்ளையார் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், சீட் கவர் என்ன நிறம் என்பன பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. அலாய் சக்கரம் பற்றிக் கருத்து கிடையாது, ஆசை மட்டுமே உண்டு. சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் கடைச் சுவர் முழுக்க மாட்டி வைத்திருக்கிறார்கள்: பூப்போட்டது, பத்துக் கம்பி வைத்தது, கறுப்பில் சிவப்புக் கோடு இழுத்தது. கண் பார்க்கிறது, கை பர்ஸுக்குப் போகிறது. நடுவில் மூளைக்கு வேலையில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இந்த ஆய்வு.

இத்துறையில் இன்றுவரை கோலோச்சுவது ஒரே கொள்கை. "செட் ஆயிடும்ணே" என்பது அதன் முழு வாசகம். இதைக் கடையில் நின்றபடி மறுக்க முடியாது. மறுப்புக்கான சான்று திண்டிவனம் தாண்டித்தான் கிடைக்கும். "எல்லாரும் போட்டிருக்காங்க சார்" என்பது இதன் கிளைக் கொள்கை. ஆதாரம் கேட்டால் ரோட்டில் நிற்கும் ஒரு காரைக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது கடை முதலாளியின் காராக இருக்கும்.

நாம் இலக்கண வழியில் போவோம். இரண்டு சொற்கள் சேருவதைப் பவணந்தி முனிவர் நன்னூலில் புணர்ச்சி என்றார். முன்னால் நிற்பது நிலைமொழி, வந்து சேருவது வருமொழி. காரின் அச்சில், ஸ்டட்களோடு அசையாமல் நிற்கும் ஹப் நிலைமொழி. பாலிதீன் சுற்றி, பில் போட்டு, ஆட்டோவில் வந்திறங்கும் சக்கரம் வருமொழி. இரண்டும் மாறுதல் ஏதுமின்றிச் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி. மாறினால் விகாரம். விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். இம்மூன்றையும் ஒரே சிறு காரில் ஒரே மாலைக்குள் நிகழ்த்திக் காட்ட வல்ல பட்டறைகள் நம்மிடம் உண்டு.

இயல்பு புணர்ச்சிக்கு எடுத்துக்காட்டு மாருதி ஸ்விஃப்ட். 2018இல் வந்த வண்டியில் கீழ் ரகத்துக்கு 165/80 ஆர்14 டயர், மேல் ரகத்துக்கு 185/65 ஆர்15. கணக்குப் போட்டால் முதல் டயரின் மொத்த விட்டம் 619.6 மி.மீ., இரண்டாவது 621.5 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் வளர்ந்தும் மொத்த உயரம் இரண்டு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. ரிம் வளர்ந்த அளவுக்கு டயரின் பக்கச் சுவர் குறைந்திருக்கிறது. கீழ் ரகம் வாங்கியவர் மேல் ரகத்தின் சக்கரத்தை வாங்கி மாட்டினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, எதுவும் உரசாது, ஆய்வாளனுக்கும் வேலை இருக்காது. ஆனால் இதில் தனித்துவம் இல்லை என்று கருதுவோர் இருக்கிறார்கள். இக்கட்டுரை அவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

சக்கரம் ஹப்பில் சேருமா என்று பார்க்க வேண்டிய முதல் அளவு பிசிடி. ஸ்டட்களின் மையங்கள் வழியே ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம். ஸ்விஃப்ட், சான்ட்ரோ, ஐ10 எல்லாம் நான்கு ஸ்டட், 100 மி.மீ. பழைய மாருதி 800க்கு 114.3, அதாவது நாலரை அங்குலம். ஃபியட் ஊனோவுக்கு 98. ஊனோவின் சக்கரத்தை 100 மி.மீ. ஹப்பில் வைத்துப் பாருங்கள்: உட்காரும், நட்டு ஏறும், கார் ஓடும். ஒவ்வொரு ஸ்டட்டும் ஒரு மில்லிமீட்டர் வளைந்து கொடுத்திருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. பொருந்தாத சக்கரம் ஆபத்தில்லை, மாட்டவே முடியாது. ஏறத்தாழப் பொருந்துகிற சக்கரம்தான் ஆபத்து. எட்டுத் துளை போட்டு, நாலு துளை 100க்கும் நாலு துளை 108க்கோ 114.3க்கோ என்று வரும் சக்கரத்தைச் சிலேடை என்பதன்றி வேறெப்படிச் சொல்வது? ஒரே சக்கரம், காருக்குக் கார் வேறு பொருள் தரும்.

அடுத்தது நடுத்துளை. சுசுகி, ஹூண்டாய் சிறு கார்களின் ஹப் 54.1 மி.மீ., ஹோண்டா 56.1, போலோ 57.1. கடைக்காரர் எல்லாரையும் திருப்திப்படுத்த வேண்டும் என்பதால் வெளிச் சந்தை அலாய்கள் பலவும் 73.1 மி.மீ. துளையோடு வருகின்றன. ஸ்விஃப்டில் மாட்டினால் சுற்றிலும் ஒன்பதரை மில்லிமீட்டர் காற்று. இரண்டு உயிர் ஒட்டாமல் நிற்கும்போது நடுவில் உடம்படுமெய் வருமே, அதுபோல இங்கே ஹப் ரிங் வரவேண்டும். பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ செய்த சின்ன வளையம். தோன்றல் விகாரங்களில் நன்மை பயப்பது இது. இதைக் கேட்டு வாங்காதவர்கள் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று மூன்று முறை வீல் பேலன்சிங் செய்வார்கள். பேலன்சிங்காரர் ஒவ்வொரு முறையும் ஈயக் கட்டியை வேறிடத்தில் ஒட்டுவார்.

தோன்றலில் தீயது ஸ்பேசர். சக்கரத்தை வெளியே தள்ள, ஹப்புக்கும் அதற்கும் நடுவே செருகும் தட்டு. இதன் கதை ஆஃப்செட் என்ற அளவோடு சேர்ந்தது: சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம். கம்பெனி சக்கரத்தின் முதுகில் அது ஈடி (ET) 45 என்று பொறித்திருக்க, வாங்கியதில் ஈடி 35 என்றிருந்தால் சக்கரம் 10 மி.மீ. வெளியே வரும். அகலமும் ஐந்தரையிலிருந்து ஏழு அங்குலமாகியிருந்தால் அதில் பாதி, இன்னொரு 19 மி.மீ. வெளியே. ஆக 29 மி.மீ. பெரும்பாலோர் விரும்புவதும் இதைத்தான். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கார் மார்பு விரித்து நிற்கும். வீல் பேரிங் இதை ரசிப்பதில்லை. பின் இருக்கையில் ஆள் ஏறியதும் ஃபெண்டர் விளிம்பு டயரைத் தொடும். அப்போது பட்டறையில் விளிம்பைத் தட்டி மடக்குவார்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கழற்றி எறிவார்கள். இலக்கணப்படி இது கெடுதல். எந்தப் படியும் கெடுதல்தான்.

திரிதலுக்கு வருவோம். ஆராய்ச்சியின் கனமெல்லாம் இங்கேதான், காரணம் இங்கே யாரும் பார்ப்பதில்லை. நட்டு.

சுசுகி ஸ்டட் 12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.25 மி.மீ. ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவுக்கும் தடிமன் அதே 12, மரை 1.5. மேசை மேல் வைத்தால் இரண்டு நட்டும் இரட்டைப் பிள்ளைகள். 1.5 நட்டை 1.25 ஸ்டட்டில் விட்டால் ஓரிரு சுற்று ஏறி நிற்கும். அந்த இடத்தில் நிறுத்தி யோசிப்பவர் ஞானி. ஏர் கன்னைப் பிடித்திருக்கும் பையனுக்கு அந்தப் பொறுமை இல்லை. டர்ரென்ற ஒரு சத்தத்தில் எஃகு எஃகைத் தின்னும், மரை திரியும். ஆகவே முதல் நான்கைந்து சுற்று விரலால் ஏற வேண்டும். விரலால் ஏறாதது கன்னால் ஏறக் கூடாது.

நட்டின் அடிப்பாகமும் முக்கியம். வெளிச் சந்தை அலாய்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 பாகைக் கூம்பு நட்டு. ஹோண்டாவின் கம்பெனி அலாய்க்கு உருண்டை அடி, டொயோட்டாவின் சில அலாய்களுக்கு வாஷர் வைத்த தட்டை அடி. உருண்டை நட்டு கூம்புக் குழியில் உட்கார்ந்தால் முழுப் பரப்பும் பிடிக்காது, ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொடும். பின்னர் தானே தளரும். மாட்டியபின் சுற்றை எண்ணவும் வேண்டும்: ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது நட்டு உள்ளே போயிருக்க வேண்டும் என்பது விதி. சுசுகிக்குச் சுமார் பத்துச் சுற்று, ஹூண்டாய்க்கு எட்டு. ஸ்டட்டை மாற்றாமல் ஸ்பேசர் போட்டவர்கள் எண்ணிப் பார்த்தால் அன்றே கழற்றிவிடுவார்கள்.

இறுக்கும் முறையில் இரு மரபுகள். கன் மரபைப் பார்த்தோம். மற்றது மிதி மரபு: ஸ்பானரை நட்டில் மாட்டி அதன் மேல் ஏறி நிற்பது. எழுபது கிலோ ஆள், முப்பது செ.மீ. நீள ஸ்பானர், பெருக்கிப் பார்த்தால் சுமார் 206 நியூட்டன் மீட்டர். பெரும்பாலான சிறு கார்களுக்கு வேண்டியது 85 முதல் 110 வரை. ஒருவர் ஏறினாலே இரண்டு மடங்கு; ஏறியவர் ஒரு குதி குதித்தால் ஸ்டட் இழுபட்டு நீளும். பிறகு நள்ளிரவில் பஞ்சர் ஆனால் அந்த நட்டை நீங்கள் கழற்றப் போவதில்லை. ஹப் முகத்தின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கார் ஜாக்கியில் நிற்கும்போதே குறுக்கு மறுக்காக இறுக்கி, கீழே இறக்கியபின் டார்க் ரென்ச்சில் முடிப்பதே முறை. டார்க் ரென்ச் இருக்கிறதா என்று கேட்டால் சில கடைகளில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வேறு கடைக்குப் போங்கள்.

சோதனை முறை பற்றி ஒரு குறிப்பு. கடை வாசலில் ஆளில்லாத காரைச் சுற்றி வந்து "உரசல பாருங்க" என்று காட்டுவது சோதனையாகாது. ஐந்து பெரியவர்கள், டிக்கியில் பொங்கல் பானை, அரிசி, விறகு, ஒரு ஜமக்காளம் என்று குலதெய்வம் கோயிலுக்குப் போகும் சுமையோடு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஊர் எல்லை வேகத்தடையில் ஏற்றி இறக்க வேண்டும். பின் இருக்கையிலிருந்து அத்தை "என்னப்பா சத்தம்?" என்று கேட்கவில்லை என்றால் பொருத்தம் சரி. அத்தையின் காதைவிட நுண்ணிய கருவி இத்துறையில் இல்லை.

எனவே தீர்ப்பு: சிறு காருக்கு ரிம்மில் ஓர் அங்குலம் கூட்டினால் போதும். மலிவான வார்ப்பு அலாய் இரும்பு டிஸ்க்கைவிடக் கனமாகவும் இருக்கலாம், தூக்கிப் பார்த்து வாங்குங்கள். தரச் சான்றான ஜேடபிள்யூஎல் (JWL) முத்திரை வார்ப்பிலேயே இருக்கிறதா, ஸ்டிக்கராக இருக்கிறதா என்றும் பாருங்கள். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவதை ஆய்வு எதிர்க்கவில்லை, ஆனால் அதற்கு டார்க் கிடையாது. ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பிப் போய் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய நட்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி இன்னும் இரும்பு டிஸ்க்தான், அதற்கு அவைதான் வேண்டும்.