சிஸ், ஸ்டாக் இருக்கு!

உங்கள் போனில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒருவருடைய படத்தைச் சுற்றியுள்ள பச்சை வட்டம் மட்டும் கோடுகளாக இல்லாமல், மார்கழிப் புள்ளிக் கோலம் மாதிரி பொடிப்பொடியாக இருக்கும். அவர்தான் ரீசெல்லர் அம்மா. எத்தனை புள்ளியோ அத்தனை புடவை. ஸ்டேட்டஸின் ஆயுள் 24 மணி நேரம்தான் என்பதால், நேற்று விற்காத புடவை இன்று காலை 'நியூ அரைவல்' ஆகிவிடும்.

வயது முப்பதுக்கு முன்னே பின்னே. படிப்பு பி.இ., அல்லது எம்.எஸ்சி., பி.எட். இடுப்பில் ஒரு மூன்று வயசு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஒரு போன். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்தான். 2017இல் திருத்திய மகப்பேறு பயன் சட்டம் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு தந்தது. இருபத்தேழாவது வாரம் பிள்ளையை யார் பார்ப்பது? 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது அதே சட்டம். அம்மா வேலை பார்த்த ஆபீஸில் வாட்ச்மேனையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேர். மாமியாருக்கு மூட்டுவலி; பெற்ற தாய் இருப்பதோ தென்காசியில். ஆகவே ராஜினாமா. வீட்டில் அதற்கு வைத்த பெயர், 'கொஞ்ச நாளைக்கு பிரேக்.'

வீட்டிலிருந்தபடியே நாலு காசு பார்ப்பது நம் பெண்களுக்குப் புதிதல்ல. நெல்லைப் பக்கம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றினார்கள்; சிவகாசி, சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஒட்டினார்கள். அப்பளம், வடாம், தையல் மிஷின், டியூஷன் என்று பட்டியல் நீளும். அவர்களுக்கு ஒரு திண்ணையும் கொஞ்சம் கைமுதலும் வேண்டியிருந்தது. ரீசெல்லர் அம்மாவுக்கு இரண்டும் வேண்டாம். சரக்கு சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளையிலோ, அங்கே சூரத்திலோ இருக்கிறது. பணம் வாங்குகிறவர் கணக்கில் இருக்கிறது. நடுவில் இவரிடம் இருப்பது ஒரு ஸ்க்ரீன்ஷாட்.

இளம்பிள்ளை சாஃப்ட் சில்க் ஒன்று மொத்த வியாபாரியின் குரூப்பில் 550 ரூபாய்க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவர் ஐம்பது ஏற்றி 600 என்று தன் குரூப்பில் போடுவார். அங்கிருந்து எடுத்தவர் 650. நம் அம்மா 700, 'ஷிப்பிங் ஃப்ரீ சிஸ்.' இதற்குள் விலை மூன்று ஊர் பார்த்துவிட்டது. புடவை இன்னும் இளம்பிள்ளை குடோனை விட்டு நகரவில்லை. படத்தின் மூலையில் இருக்கும் பழைய விலையை க்ராப் செய்வது இத்தொழிலின் முதல் பாடம். விலை நட்டநடுவில் இருந்தால் அதன்மேல் ரோஜாப்பூ எமோஜி ஒட்டுவது இரண்டாம் பாடம். இப்படி ஊரெல்லாம் சுற்றிய படம் ஒன்று, கடைசியில் அதை நெய்தவர் மச்சினிச்சிக்கே 850 ரூபாய்க்கு வந்து சேர்ந்ததாகக் கேள்வி. அவரும் 'பிடிச்சிருக்கு, புக் பண்ணிடுங்க சிஸ்' என்றாராம்.

கடைக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. 'நோ சிஓடி. நோ எக்ஸ்சேஞ்ச். பார்சல் ஓப்பனிங் வீடியோ கட்டாயம். லைட்டிங்ல கலர் லைட்டா மாறும்.' இந்தக் கடைசி விதிதான் கடையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. படத்தில் அரக்கு, நேரில் தக்காளி. எம்.எஸ். சுப்புலட்சுமியால் பெயர் பெற்ற எம்.எஸ். நீலத்தை ஆசையாகக் கேட்டவருக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் நீலம் போய்ச் சேர்ந்தாலும் அது லைட்டிங்தான். புடவை ஐந்தரை மீட்டர், பிளவுஸ் 80 சென்டிமீட்டர் என்று படத்துக்குக் கீழேயே எழுதியிருப்பார். அதைப் படித்துவிட்டுத்தான், "சிஸ், பிளவுஸ் வருமா?" என்று எட்டுப் பேர் கேட்பார்கள். ஒன்பதாவது ஆள், "எனக்குப் பத்துமா சிஸ்?" என்பார்.

எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். ஆனால், கடைக்குத்தான் அம்மா சொந்தக்காரர். கடை இருக்கும் போனுக்குச் சொந்தக்காரன் மகன். ரைம்ஸ் ஓடாமல் ஒரு வாய் சோறு இறங்காது. சாப்பாட்டு நேரத்தில்தான் ஊரில் உள்ள சிஸ்களெல்லாம் ஓய்வாக உட்கார்ந்து மெசேஜ் போடுவார்கள். யானைப் பாட்டுக்கு மேலே 'மாம்பழ மஞ்சள் இருக்கா சிஸ்?' என்று வந்து விழும். அம்மாவின் வலது கையில் பருப்புச் சாதம். மகன் விரலை வைப்பான். அவ்வளவுதான், அந்த சிஸ்ஸுக்குப் பதிலாக வரிசையாய் சிங்க ஸ்டிக்கர் போகும். கூடவே மென்று விழுங்கும் சத்தம் மட்டும் உள்ள வாய்ஸ் நோட் ஒன்று. அம்மா பதறியடித்து அனுப்பும் விளக்கம் இப்படி இருக்கும்:

"சாரி சிஸ், பையன் அனுப்பிட்டான். இது சாஃப்ட் சில்க் சிஸ், ரிச் பல்லு, கான்ட்ராஸ்ட் பார்டர்... டேய், அதை வாயில வைக்காத... பிளவுஸ் அட்டாச்டு சிஸ்... துப்பு, துப்புடா... எழுநூறுதான் சிஸ்."

எதிர்முனையிலிருந்து பதில் வரும்: "துப்பிட்டானா சிஸ்?" வாங்குகிறவர் வீட்டிலும் ஒரு மூன்று வயசு இருக்கிறது.

பகலில் பிள்ளை தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் கம்பெனி நேரம். குக்கர் அடுப்பில் ஏறக் கூடாது; மிக்ஸி ஓடக் கூடாது; மாமனார் தும்முவதாக இருந்தால் வாசலுக்குப் போய்த் தும்ம வேண்டும். அந்த நேரத்தில்தான் சத்துமாவு பாக்கெட் போடும் வேலை நடக்கும். ஆமாம், புடவையோடு சத்துமாவும் உண்டு. ராகி, கம்பு, முளைகட்டிய பயறு, நேந்திரங்காய் எல்லாம் வறுத்து அரைத்தது. லேபிளில் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண்ணும், 'என் பையனுக்கு நான் கொடுப்பதே இதுதான்' என்ற வாசகமும் இருக்கும். வாசகத்தில் பொய்யில்லை. அம்மா கொடுக்கிறார், அவன்தான் வாங்குவதில்லை. சத்துமாவுக்கு முன்னால் மூலிகைக் கூந்தல் தைலம். அதற்கு முன்னால் பட்டுநூல் வளையல். பரண்மேல் இன்னும் ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் வளையல்கள் நூலுக்குக் காத்திருக்கின்றன.

கொரியர் தம்பியிடம், "பெல் அடிக்காதப்பா, மிஸ்டு கால் குடு" என்று கெஞ்சிச் சொல்லியிருப்பார். தம்பியும் மறக்காமல் மிஸ்டு கால் கொடுப்பான். கொடுத்துவிட்டு பெல்லும் அடிப்பான். அன்றைக்குக் கம்பெனிக்கு அத்தோடு ஷட்டர்.

சொந்தக்காரர்கள் தனி இனம். 'சீன்' பட்டியலில் முதல் ஆளாகப் பெரிய நாத்தனார் நிற்பார். ஆர்டர் பட்டியலில் அவர் பெயரை மட்டும் பார்க்க முடியாது. விசேஷ வீட்டில் பிடித்துக்கொண்டு, "உனக்கு என்ன விலைக்கு வருது? உண்மையைச் சொல்லு" என்பார். அடக்க விலைக்கே எடுத்துக்கொண்டு, "ஜிபே சர்வர் டவுனா இருக்கு, அப்புறம் போடறேன்" என்பார். அந்த சர்வர் தீபாவளி வரை டவுனாகவே இருக்கும்.

மாதக் கடைசியில் கணக்கு. நாற்பது புடவை, புடவைக்கு ஐம்பது, ஆக 2,000 ரூபாய். அதே மாதம் 'இது நமக்கே இருக்கட்டும்' என்று ஒதுக்கிய மூன்று புடவைக்கு அடக்க விலையில் 1,950. மிச்சம் 50. அரசு 2023 செப்டம்பரில் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை குடும்பத் தலைவிக்கு என்பதால் அது மாமியார் கணக்குக்குப் போகிறது. தலைவி யார் என்ற வழக்கில் மேல்முறையீடு கிடையாது.

ஆனால் எல்லா மாதமும் அப்படி இல்லை. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் நிஜமாகவே காசு புரளும். அப்போதெல்லாம் கணவர் நண்பர்களிடம், "சும்மா டைம்பாஸுக்குப் பண்றா மச்சான்" என்பார். சொல்லிவிட்டு, அந்த டைம்பாஸிலிருந்து 1,500 ரூபாயைத் தன் போனுக்குத் தள்ளி பெட்ரோல் போடுவார். கேஸ் சிலிண்டர், பால் பாக்கி, மாமியாரின் முட்டிக்குத் தைலம் எல்லாம் அதே டைம்பாஸில்தான் வருகின்றன. மாமியாரும், "வீட்டுல சும்மாதானே இருக்கா" என்று சொல்வதை இன்னும் விடவில்லை. கோயில் பிராகாரத்தில் மட்டும் பேச்சு மாறும்: "எங்க மருமக பிசினஸ் பண்றா. உங்க நம்பரைக் குடுங்க, குரூப்ல சேத்துவிடச் சொல்றேன்."

பையனுக்கு எல்கேஜி அட்மிஷன். விண்ணப்பத்தைக் கணவர்தான் நிரப்பினார். தாயின் தொழில்: இல்லத்தரசி. ஆண்டு வருமானம்: ஒரு சின்னக் கோடு. முதல் தவணைக் கட்டணம் மட்டும் அம்மாவின் ஜிபேயிலிருந்து போனது. கவுன்டரில் இருந்த மேடம் திரையில் வந்து விழுந்த பெயரைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த ஸ்டேட்டஸ் சிஸ்? மயில்கழுத்து கலர் ஒண்ணு போட்டிருந்தீங்களே, இருக்கா?"

"இருக்கு சிஸ். ஒரே ஒரு பீஸ்."

"நேர்லயே வாங்கிக்கிறேன், ஷிப்பிங் மிச்சம்தானே. ஐம்பது ரூபா குறைச்சுக்குங்க."

அம்மா கட்டண ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுல எவ்வளவு சிஸ் குறைப்பீங்க?"

மேடம் பதில் சொல்லவில்லை, எழுநூறை அனுப்பினார்.