வாஷிங்டனும் வாலிபாளையமும்

பையன் கோயமுத்தூர் அரசு கலைக் கல்லூரியில அரசியல் அறிவியல் படிக்கிறானுங்க. அதுலயும் அமெரிக்க அரசாங்கம்னா உசுரு. பனியன் கம்பெனி வெச்சிருக்கற எனக்கு அதனால என்னங்க பிரயோசனம்?
— ஒரு தகப்பனார், வாலிபாளையம், திருப்பூர்

முதல் பிரயோசனமே உங்களுக்குத்தானுங்க. நீங்கள் அனுப்பும் பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமான சுங்க வரி 16.5 சதவீதம். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டதும், மொத்தம் 66.5 ஆகிவிட்டது. பையர் ஆர்டரை நிறுத்தியதையும் தள்ளுபடி கேட்டதையும் உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்று ஊரே கேட்டது, ‘எப்போது குறையும்?’ என்று. உங்கள் மகன் படிக்கும் பாடம் அதற்கு ஒரு படி முன்னால் போய்க் கேட்கும்: ‘இந்த வரியைப் போட அமெரிக்க அதிபருக்கு அதிகாரம் உண்டா?’

அமெரிக்க அரசியல் சாசனம், வரி விதிக்கும் அதிகாரத்தை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசிடம்தான் கொடுத்திருக்கிறது. முதல் பிரிவிலேயே இருக்கிறது. அதிபர் துணைக்கு அழைத்தது, அவசரகாலப் பொருளாதார அதிகாரங்கள் பற்றிய 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தை. மது இறக்குமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம், பொம்மை விற்கும் ஒரு நிறுவனம் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். 2025 மே மாதம் சர்வதேச வர்த்தக நீதிமன்றமும், ஆகஸ்ட் கடைசியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும், அந்தச் சட்டம் இத்தனை பெரிய வரிக்கு இடம் தரவில்லை என்றன. நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது.

அதிபரின் உத்தரவால் வந்த வரியை அதிபரே மாற்றலாம், நீதிமன்றமும் நீக்கலாம். சட்டத்தில் ஊறிப்போன 16.5 சதவீதம் அவ்வளவு எளிதில் அசையாது. எது தங்கும், எது தங்காது என்று தெரிந்த வியாபாரி, பையர் கேட்ட தள்ளுபடியை மூன்று மாதத்துக்குத் தருவாரே தவிர மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே ஆகஸ்டில், பருத்தி இறக்குமதி மீதிருந்த 11 சதவீத வரியை நம் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. கோயமுத்தூர் மில்களுக்கு நிம்மதி, பருத்தி விவசாயிகளுக்குக் கவலை. அதற்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ் ஓர் அறிவிக்கை போதுமானதாக இருந்தது. வரி யார் கையில் இருக்க வேண்டும் என்று அங்கே உச்ச நீதிமன்றம் வரை போகிறார்கள். இங்கே அந்தக் கேள்வியை நாம் டீக்கடையில்கூடக் கேட்பதில்லை. கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் வளர்கிறான்.

அதிபருக்கும் காங்கிரசுக்கும் ஒத்துவராவிட்டால் அமெரிக்காவில் ஆட்சி கவிழுமா?
— ஒரு மாணவர், மேட்டுப்பாளையம்

கவிழாது தம்பி. அவரால் சபையைக் கலைக்க முடியாது; சபையால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு அவரை அனுப்பவும் முடியாது. ஒரே வாசலில் பேச்சுவார்த்தை இல்லாமல் குடியிருக்கும் பங்காளிகளைப் போலத் தவணை முடியும்வரை இருந்தே ஆக வேண்டும். நம் மக்களவையில் பட்ஜெட் தோற்றால் அமைச்சரவை போய்விடும். அங்கே செலவுக்கு அனுமதி கிடைக்காவிட்டால் அரசு அலுவலகம்தான் பூட்டிக் கிடக்கும். 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அப்படிக் கிடந்தது. பதவி நீக்க விசாரணை என்ற வழி உண்டு. அதற்குச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அந்த வாசல் வழியாக இதுவரை ஓர் அதிபரும் வெளியே போனதில்லை.

நம்ம கொங்கு நாட்டுக்காரர் யாராச்சும் அமெரிக்க அரசாங்கத்தோட நேருக்கு நேர் மல்லுக்கட்டியிருக்காங்களா?
— ஓர் ஆசிரியை, பொள்ளாச்சி

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர்: சி.எஸ். என்கிற சி. சுப்பிரமணியம். 1964-இல் மத்திய உணவு அமைச்சரானார். அடுத்த இரண்டு ஆண்டும் மழை பொய்த்தது. அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின் கீழ் கப்பலில் வரும் கோதுமைதான் அன்றைய ரேஷன் கடைகளின் உயிர். அந்தக் கோதுமையை அதிபர் லிண்டன் ஜான்சன் மொத்தமாகத் தராமல், மாதத்துக்கு மாதம் அளந்து விட்டார். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததும் அவருக்குக் கசந்தது.

1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் சி.எஸ்.ஸும் உட்கார்ந்து பேசினார்கள். வேளாண்மைக்குக் கூடுதல் பணம், உரம், புதிய விதை என்று இந்தியா ஒப்புக்கொண்டது. நாட்டை அடகு வைத்துவிட்டார் என்று கொதித்தவர்கள் உண்டு. பசித்தவனிடம் நிபந்தனை பேசுவது கொடுமை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஃப்ரீமன் கேட்டவற்றில் பெரும்பாலானவை சி.எஸ். ஏற்கெனவே செய்யத் துடித்தவை. ஜான்சன் தம் காங்கிரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. சி.எஸ். அந்த நெருக்கடியையே, டெல்லியில் தமக்குத் தடையாக இருந்தவர்களை நகர்த்தும் நெம்புகோலாக்கிக்கொண்டார். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. 1967 தேர்தலில் அவர் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். 1968-இல் கோதுமைப் புரட்சிக்குத் தபால் தலை வெளியானது. நம் கல்லூரிகளில் அமெரிக்க அரசாங்கம் கற்பிப்பவர்கள் ரோமில் நடந்த அந்தப் பேச்சுவார்த்தையைப் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் பலம் குறையும் என்கிறார்களே, அமெரிக்காவில் இதற்கு வழி இருக்கிறதா?
— ஒரு வழக்கறிஞர், ஈரோடு

சண்டை அங்கே 1787-லேயே வந்துவிட்டது. பெரிய மாநிலங்கள் தலைக்கணக்கு கேட்டன. சிறியவை சமபங்கு கேட்டன. ஜூலை 16 அன்று பிலடெல்பியாவில் சமரசம்: பிரதிநிதிகள் சபை மக்கள்தொகைப்படி, செனட்டில் எல்லா மாநிலத்துக்கும் சமபங்கு; பின்னர் அது மாநிலத்துக்கு இருவர் என்றானது. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு, நாலு கோடியை எட்டும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு. 2011 கணக்கில் கோயமுத்தூர் மாநகராட்சியிலேயே பத்து லட்சத்துக்கு மேல் இருந்தோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இதை அப்படியே காப்பி அடிக்கச் சொல்ல மாட்டேன். கலிபோர்னியாக்காரருக்கு அது அநியாயம்.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. எந்த மாநிலத்தின் செனட் சமபங்கையும் அதன் சம்மதமின்றிப் பறிக்கக் கூடாது என்று அவர்கள் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். நம் 368-ஆம் பிரிவும், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தை மாற்றும் திருத்தத்துக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆனால் மக்களவை இடங்களின் பங்கீட்டை 1971 மக்கள்தொகைக் கணக்கில் நிறுத்தி வைத்த தடை முடிந்து, 82-ஆம் பிரிவின்படி நடக்கும் மறுவரையறைக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை. வாதாட வேண்டிய இடம் அதுதான் வக்கீல் சார்.

அரசியல் அறிவியல் படிப்புக்கு வேலை கிடைக்குமா?
— ஒரு மாணவி, நாமக்கல்

பட்டம் மட்டும் கொண்டு கிடைக்காது அம்மிணி. அதோடு சட்டமோ, புள்ளியியலோ, நல்ல எழுத்தோ சேர வேண்டும். குடிமைப் பணித் தேர்வின் அரசியல் அறிவியல் விருப்பப் பாடத்தில் ஒப்பீட்டு அரசியல் இருக்கிறது. மேலே படிக்க ஜே.என்.யூ.வில் கனடா, அமெரிக்கா, லத்தீன் அமெரிக்கா பற்றிய ஆய்வுகளுக்கு மையம் உண்டு. 1950 முதல் ஃபுல்பிரைட் உதவித்தொகையும் உண்டு.

அமெரிக்க அரசாங்கத்தைப் படிக்க எங்கிருந்து தொடங்கட்டும்?
— ஒரு பிளஸ் டூ மாணவர், அவினாசி

அமெரிக்க சாசனத்தின் மூலவடிவம் சுமார் 4,500 சொற்கள்தான், திருத்தங்கள் 27. ஒரு சாயங்காலத்தில் படித்துவிடலாம். அடுத்து, உச்ச நீதிமன்ற வாதங்களின் ஒலிப்பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2025 நவம்பர் 5 வரி வழக்கிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். வரிக்கு எதிராக வாதாடிய நீல் கத்யாலின் பெற்றோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். நீதிபதிகள் இரு தரப்பையும் ஒரு வாக்கியம் முடிக்க விடாமல் மடக்குவார்கள். சாசனத்தின் முதல் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். முதல் தடவை பாதிதான் புரியும். நிறுத்தி நிறுத்தி, மறுபடி கேளுங்கள்.